கிசேலா பிடித்த விரதம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு மடையன். பிறர் சொல்லித் தெரிந்துகொண்ட மடையன் அல்ல. இருட்டு நிலவறையில், இடுப்பைச் சுற்றி ஒரு மலைப்பாம்போடு, முக்கால் மணித்தியாலம் எழும்ப முடியாமல் இருந்து, ஆற அமர யோசித்து நானே கண்டுபிடித்த மடையன். (அந்த நேரத்தில் யோசிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.)

ஜேர்மனியில், ரூர் பகுதியில், நான்கு மாடிப் பழைய கட்டடம் ஒன்றுக்கு நான் ஹவுஸ்மைஸ்டர். அதாவது குழாய் ஒழுகினாலும், படிக்கட்டில் பனி உறைந்தாலும், மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரரை முறைத்தாலும் கூப்பிடப்படுகிற, அதே கட்டடத்தில் குடியிருக்கிற ஆள். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பிராவ் ஹார்ட்மன் இருந்தார். (பிராவ் என்றால் திருமதி.) எண்பத்தொரு வயது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. நாற்பது வருடம் தபால் கந்தோரில் முகப்பில் இருந்தவர். முத்திரை குத்துவதுபோலத்தான் பேசுவார். ஒரு சொல், ஒரு குத்து, அடுத்த ஆள்.

ஒக்டோபர் கடைசியில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. சாமான் இறக்க உதவிக்குப் போன என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு விளக்கு. விளக்கின் கீழே, பழைய சைக்கிள் ரயரைச் சுருட்டி வைத்ததுபோல ஒன்று.

"கிசேலா" என்றார். (அவர் டொச்சில் சொன்னதை எல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். அந்தக் குத்து மட்டும் வராது.) "பத்தொன்பது வருடமாக என்னோடு இருக்கிறாள். போகிற இடத்தில் பூனைக்கே இடமில்லை. நீங்கள் இலங்கை. அங்கே பாம்புகள் உண்டுதானே?"

இந்த இடத்தில் சாதாரண மனிதன் ஒருவன் "உண்டு" என்று சொல்லி நிறுத்தியிருப்பான். நான், "பாம்புகளோடுதான் வளர்ந்தேன்" என்றேன்.

உண்மை என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் மூன்று பாம்புகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் என் முகம் தெரியாது. முதுகு தெரியும்.

பிராவ் ஹார்ட்மன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மெல்லிய தாளில் மடித்து, அடுக்கு அடுக்காகப் பாம்புச் சட்டைகள். பத்தொன்பது வருடத்தில் கிசேலா உரித்துப் போட்ட தோல்கள் எல்லாம் அங்கே இருந்தன. மேலே கிடந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. கண் இருந்த இடத்தில்கூட ஒரு சின்ன வட்டக் கண்ணாடி போலத் தோல் இருந்தது. அது என்னைப் பார்த்தது.

"என் வீட்டில் கடைசியாக மிஞ்சியிருக்கிற ஆள் இவள்தான்" என்றார். "நன்றாகச் சாப்பிட வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசி எடுத்துக் கேட்பேன்."

அப்படித்தான் ஒன்றேகால் மீற்றர் நீளமும் என் முன்கைத் தடிப்பும் உள்ள ஒரு மலைப்பாம்பு, அதுவும் ஆபிரிக்க இனம், எனக்கும் அதற்கும் இடையில் ஒரு முழுச் சமுத்திரம் இருக்க, என் வீட்டுக்கு வந்தது.

மகள் டார்ம்ஸ்டாட்டில் படிக்கப் போனதால் அவளுடைய அறை சும்மா கிடந்தது. பெட்டியை அங்கே வைத்தேன். என் மனைவி பவானி வேலையால் வந்து, பெட்டியை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். கத்துவாள் என்று காதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். அவள் சாமியறைக்குப் போய் விபூதித் தட்டோடு வந்தாள். கண்ணாடியில் மூன்று கோடு, என் நெற்றியில் மூன்று கோடு.

"அம்மாள் வீடு தேடி வந்திருக்கிறா. இருக்கட்டும்" என்றாள்.

"அது நாகம் இல்லையப்பா. மலைப்பாம்பு. ஆபிரிக்கா."

"ஏன், ஆபிரிக்காவில அம்மாள் இல்லையோ? என்ன சாப்பிடும்?"

"எலி."

விபூதித் தட்டு அந்தரத்தில் நின்றது.

"இஞ்சேருங்கோ, நாளைக்குக் கந்தசட்டி தொடங்குது. குசினி கழுவியாச்சு, சட்டி பானை எல்லாம் மாத்தியாச்சு. பாம்பு இருக்கலாம். எலி இந்த வாசல்படி தாண்டக்கூடாது."

"எலி இல்லாமல் பாம்பு என்ன செய்யும்?"

"அது உங்கட பாடு. பாம்புகளோட வளந்தனீங்களாமே." (மூன்றாம் மாடியில் சொன்ன பொய் என்னைவிட வேகமாகப் படியிறங்கி வந்திருந்தது.)

சரி, ஆறு நாள்தானே, பிறகு பார்ப்போம் என்றிருந்தேன். ஆனால் அந்த ஆறு நாளிலேயே வீட்டில் ஏதோ மாறிவிட்டது. மகளின் அறைக் கதவின் கீழே எந்நேரமும் ஒரு சிவப்பு வெளிச்சக் கோடு. பெட்டிக்குள் பழைய பத்திரிகைத் தாள் விரித்திருந்தேன். பாம்பு அசையும்போது அந்தத் தாள் சரசரக்கும். வெளியே இருந்து கேட்டால், ஆளில்லாத அறையில் யாரோ கதிரையில் இருந்து பத்திரிகை படித்துப் பக்கம் புரட்டுவது போலவே இருக்கும். ஒரு பக்கம். கொஞ்ச நேரம் அமைதி. அடுத்த பக்கம். கதவைத் திறந்தால் கிசேலா விளக்கின் கீழே சுருண்டபடி, தலை மட்டும் கதவுப் பக்கம். பாம்புக்கு இமை கிடையாது. அது எப்போது என்னைப் பார்க்கத் தொடங்குகிறது, எப்போது நிறுத்துகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான் இரண்டு தரம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். என் சொந்த வீட்டில்.

முதல் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"ஹார்ட்மன். சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாள்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன்.

"எப்படி?"

"ஒரே நிமிடம். தலைப் பக்கமிருந்து. மிச்சமே இல்லை."

பின்னணியில் கோப்பைகளில் கரண்டி படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இல்லத்தில் கோப்பி நேரம் போல. நான் சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் குறைந்து, பிறகு நின்றுபோனது.

"நல்லது" என்றார் பிராவ் ஹார்ட்மன்.

கந்தசட்டி முடிந்தது. நான் பல்லிளித்துக்கொண்டு போய் பவானியிடம் கேட்டேன்.

"எலி வைச்ச பிரிட்ஜில நான் இனி மீன் வைப்பனோ? போங்கோ அங்கால."

அதனால் எலி நிலவறைக்குப் போனது. உறைய வைத்த எலிகளைக் கடையில் பொதியாக வாங்கி, கட்டடத்தின் நிலவறையில் என் பாவனைக்கென்று இருந்த பழைய உறைபெட்டியில் வைத்தேன். எலி மேலே வரக்கூடாது என்பதால் பாம்பு கீழே போக வேண்டியதாயிற்று. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் கிசேலாவைத் தலையணை உறைக்குள் போட்டு, பிரதிஷ்டைக்கு எடுத்துப் போவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்குவேன். எதிரே வருபவர்களுக்கு "குட்டன் டாக்" சொல்வேன். தலையணை உறையும் அசையும்.

எங்கள் நிலவறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே விளக்கு இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அப்படி அமைத்தவன் நான்தான். குடியிருப்பாளர்கள் சேர்ந்து, மூன்று நிமிடமாவது தரும்படி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். "நிலவறையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருவருக்கு என்ன வேலை?" என்று பதில் எழுதியவனும் நான்தான்.

உறைபெட்டி இருந்தது நடைவழியின் கடைசியில், துணி காயப்போடும் அறையில். கூரையோரம் சூடாக்கிக் குழாய் ஓடும். தெருமட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். நொவெம்பரில் நான்கரை மணிக்கு அந்தக் கால்களும் தெரியாது. விளக்கைப் போடுகிற ஆளியோ வாசலில், என் இடத்திலிருந்து பத்து அடி தள்ளி.

வேலை இப்படி நடக்கும். எலியைச் சுடுதண்ணீர் வாளியில் உருக வைப்பேன். மகள் விட்டுப்போன தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டுவேன். (பாம்புக்குச் சூடு தெரிந்தால்தான் உயிருள்ள இரை என்று நினைக்குமாம்.) கிசேலாவை ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசினுக்குள் விடுவேன். நீளமான இடுக்கியால் எலியின் வாலைப் பிடித்து அதன் முன்னால் ஆட்டுவேன். எலி உயிரோடு இருப்பதாகத் தெரிய வேண்டுமே என்று மெல்லக் கீச்சுக் குரலும் கொடுப்பேன். விளக்கு அணையும். இருட்டில், ஐம்பத்திரண்டு வயதான நான், செத்த எலி ஒன்றுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பேன். பிறகு தட்டித் தடவி வாசலுக்குப் போய் ஆளியைப் போடுவேன்.

வெளிச்சம் வரும்போது பாம்பின் தலை இடம் மாறியிருக்கும். எலியின் பக்கமல்ல. நான் இருக்கும் பக்கம். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கிட்ட.

"சாப்பிடு ராசாத்தி" என்பேன். நாக்கு வெளியே வரும். என் வாசனையைப் பிடிக்கும். உள்ளே போகும். அதற்கு என்னைப் பற்றி ஏதோ தெரியும் என்ற நினைப்பு எனக்கு வரத் தொடங்கியது அப்போதுதான்.

இணையத்தில் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தேன். பாம்பு சாப்பிடாததற்குப் பத்துக் காரணங்கள் போட்டிருந்தது. முதல் நான்கும் வளர்ப்பவனின் முட்டாள்தனம் பற்றியவை. மானமுள்ள மனிதன் ஐந்தாவதைப் படிப்பானா?

ஞாயிறுகள் வந்துகொண்டிருந்தன. இரண்டாம் ஞாயிறு கிசேலா எலியை விழுங்கிவிட்டு வாலால் பேசினைத் தட்டி இன்னொன்று கேட்டதாகச் சொன்னேன். மூன்றாம் ஞாயிறு இரண்டு எலி.

"இரண்டா?" என்றார் பிராவ் ஹார்ட்மன்.

"ஓம். குளிர்தானே."

"அப்படியா." கரண்டிச் சத்தம் ஒன்றும் இல்லை. யாரோ மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல ஒரு ஒலி மட்டும். தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடம் வளர்த்த ஜீவனை நம்பித் தந்த மனுஷி அவர். அது என் கையில் பட்டினியால் செத்துக்கொண்டிருக்கிறது. அதன் சாவை நான் கிழமைக்கு ஒரு விருந்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குளியலறைத் தராசில் பாம்பைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். பிறகு பாம்பில்லாமல் ஏறிக் கழித்துப் பார்ப்பேன். பாம்பின் எடை அப்படியே இருந்தது. என் எடைதான் கூடியிருந்தது. தராசும் என்னோடு சேர்ந்து பொய் சொல்கிறது என்று முடிவு செய்தேன்.

இதற்கிடையில் கார்த்திகைப் பூரணை கழிந்து பெருங்கதை தொடங்கியது. பிள்ளையார் கதை படித்து இருபத்தொரு நாள் பிடிக்கும் விரதம். பவானி வருடா வருடம் பிடிப்பாள். கதை படிக்க வந்த சரோ அக்காவும் இன்னும் இரண்டு பேரும் பாம்பைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

சரோ அக்கா கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "எப்பயிருந்து தம்பி சாப்பிடேல்லை?"

"கந்தசட்டி தொடக்கம் அக்கா."

மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரோ அக்காவின் குரல் இறங்கிப்போனது. "அப்ப அது விரதம் பிடிக்குது."

"நான் அண்டைக்கே நினைச்சனான்" என்றாள் பவானி. பிறகு என் பக்கம் திரும்பி, "பாம்பே பிடிக்குது. உங்களால ஏலாது."

பெட்டிக்கு முன்னால் ஒரு வெள்ளித் தம்ளரில் பால் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் காலையில் தம்ளர் வெறுமை. அடியில் ஒரு சொட்டும் இல்லை. செய்தி மத்தியானத்துக்குள் பக்கத்து ஊர்வரை போய்விட்டது. பின்னேரம் சரோ அக்கா திரும்ப வந்து, வெறும் தம்ளரைக் கண்ணில் ஒற்றி, "தம்பி, நீங்களே பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

நான் "ஓம்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. விடிகாலையில் வேலைக்குப் போக வெளிக்கிட்டபோது பிரிட்ஜில் பால் இல்லை. தேநீரோ கொதித்துவிட்டது. (மீதியை நீங்களே ஊகியுங்கள்.)

இரண்டு பக்கமும் பொய். முதியோர் இல்லத்தில் கிசேலா இரண்டு எலி தின்கிறாள். என் வீட்டில் பால் மட்டும் அருந்தி விரதம் இருக்கிறாள். உண்மையான கிசேலா சிவப்பு விளக்கின் கீழே பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு, இமைக்காமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசெம்பரின் முதல் ஞாயிறு. இன்றைக்கு ஒரு முடிவு காண்பது என்று மூன்றரைக்கே கீழே இறங்கினேன். துணி காயும் அறையில் யாரோ வெள்ளைப் படுக்கை விரிப்புகளை நான்கு வரிசையாக, ஜன்னலையும் மறைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். விரிப்புகளுக்கு நடுவே பேசினை வைத்து, கிசேலாவை விட்டு, எலியைத் தூக்கினேன். விளக்கு அணைந்தது. போட்டேன். அணைந்தது. போட்டேன். ஐந்தாம் தரம் வெளிச்சம் வந்தபோது பேசினுக்குள் பாம்பு இல்லை.

இடுக்கி தரையில் கிடந்தது. எலியும் இல்லை.

அரை நிமிடம் நான் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. சாப்பிட்டுவிட்டது. அம்மாளே, சாப்பிட்டுவிட்டது. அடுத்த அரை நிமிடத்தில்தான் அடுத்த கேள்வி வந்தது. சாப்பிட்டது சரி, எங்கே போனது? பதினெட்டுக் குடும்பங்களின் நிலவறை அது. மரச் சட்டம் அடித்த பதினெட்டு அறைகள். ஒவ்வொன்றிலும் பெட்டி, பழைய சப்பாத்து, நத்தார் (கிறிஸ்மஸ்) அலங்காரம். இன்னும் சில நாளில் யாரோ ஒருவர் அலங்காரப் பெட்டியைத் திறந்து கையை விடுவார்.

தேடினேன். இரண்டு இரண்டு நிமிடமாகத் தேடினேன். ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதற்குள் விளக்கு போய்விடும். ஆளிக்கு ஓடுவேன். திரும்பி வந்தால் எதை ஏற்கெனவே பார்த்தேன் என்று தெரியாது. எல்லா விரிப்பும் வெள்ளை. ஒருமுறை இரண்டாம் வரிசையில் ஒரு விரிப்பின் கீழ்விளிம்பு மட்டும் அசைந்தது. காற்று இல்லை. ஜன்னல் பூட்டியிருந்தது. போய்த் தூக்கினேன். ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் இன்னொன்று அசைந்தது.

அப்போது விளக்கு போனது. இந்த முறை நான் ஆளிக்குப் போகவில்லை. குழாயின் கீழே கிடந்த பழைய கதிரையைத் தடவிப் பிடித்து, அதில் இருந்தேன். மூச்சு வாங்கியது. இருட்டில் தண்ணீர் குழாய்க்குள் மெல்லக் கிணுகிணுத்தது. வேறு சத்தம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் என் மேல்சட்டை கனக்கத் தொடங்கியது.

யாரோ பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல், என்னை அளவெடுப்பதுபோல. வலப் பக்கமாக வந்து, முதுகைச் சுற்றி, சேர்ட்டுக்கு வெளியே, மேல்சட்டைக்கு உள்ளே. குளிராக இருந்தது. பிறகு என் சூட்டையே எடுத்து மெல்ல மெல்லச் சூடானது. இடுப்புப் பட்டி ஒரு துளை இறுகியதுபோல இருந்தது. அவ்வளவுதான். பிறகு அது நின்றுவிட்டது. நான் மூச்சு விட்டால் அதுவும் விட்டது. நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

முருகா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சேர்ட் பையில் தொலைபேசி அடித்தது.

திரையின் நீல வெளிச்சத்தில் நான்கு வரிசை விரிப்புகளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. அசைக்கக்கூடிய ஒரே உறுப்பான இடது கையால் எடுத்தேன். மணி நான்கு.

"ஹார்ட்மன். சாப்பிட்டாளா?"

"பிராவ் ஹார்ட்மன்" என்றேன். குரல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது.

"உரத்துச் சொல்லுங்கள். கேட்கவில்லை."

"உரத்துச் சொல்ல ஏலாது." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். "ஆறு கிழமையாக அது ஒன்றும் தின்னவில்லை. முதல் ஞாயிறு சொன்னது பொய். வாலால் தட்டியது பொய். இரண்டு எலி பெரிய பொய். நான் பாம்புகளோடு வளரவில்லை. இப்போது நிலவறையில் இருக்கிறேன். விளக்கில்லை. அது என் இடுப்பில் இருக்கிறது. நீங்கள் நம்பித் தந்ததை நான் சாகக் கொடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

மறுபக்கம் கரண்டி இல்லை, கோப்பை இல்லை. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன்.

பிறகு அந்த இருட்டில், என் காதுக்குள், சிரிப்புத் தொடங்கியது. ஒருவரின் சிரிப்பல்ல. ஏழெட்டுப் பேர். முதிர்ந்த, கரகரத்த, மூச்சு அடைத்த சிரிப்புகள். யாரோ மேசையைத் தட்டினார்கள். யாரோ இருமினார்கள். என் இடுப்பில் கிசேலா ஒரு விரற்கடை நகர்ந்தாள்.

"பத்தொன்பது குளிர்காலம்" என்றார் பிராவ் ஹார்ட்மன், சிரிப்பு அடங்கிய பிறகு. "ஒக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை கிசேலா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. குளிருக்கு இந்த இனம் அப்படித்தான். ஒன்றும் ஆகாது."

"அப்போ ஏன் முதலே சொல்லவில்லை?"

"நீங்கள் பாம்புகளோடு வளர்ந்தவர். தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். முதல் ஞாயிறே உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்துவிட்டது. சொல்லத்தான் இருந்தேன். ஆனால் பக்கத்து மேசைக்காரி அடுத்த கிழமை கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூன்றாம் கிழமை ஒலிபெருக்கியில் போடச் சொன்னார்கள்."

"இப்போதும் ஒலிபெருக்கியா?"

"ஆமாம். உங்கள் மூச்சு மாவரைக்கும் மெஷின்போல இரைகிறது. அது இல்லாமலே கேட்டிருக்கும்."

அதன் பிறகு முதியோர் இல்லத்தின் கோப்பி மேசை முழுவதும் சேர்ந்து என்னைப் பாம்பிலிருந்து கழற்றியது. தலையைத் தொடாதீர்கள், வாலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வாருங்கள் என்றார் பிராவ் ஹார்ட்மன். வால் எங்கே என்றேன். தேடுங்கள் என்றார். இருட்டில் தேடி, கண்டுபிடித்து, ஒரு சாண் அவிழ்த்தால், கிசேலா மேலே ஒரு சாண் சுற்றிக்கொண்டாள். வேறொரு கிழவியின் குரல் என்னைப் பாட்டுப் பாடச் சொன்னது. இன்னொன்று பாடவேண்டாம், பாம்புக்குக் காது கேளாது, எங்களுக்குக் கேட்கும் என்றது. முக்கால் மணித்தியாலம். படியேறி வந்தபோது தலையணை உறையை விட நான்தான் அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பவானியிடம் குளிர்கால விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"நான் சொன்னனான்தானே, விரதம் பிடிக்குதெண்டு."

"அது விரதம் இல்லையப்பா, குளிர். இயற்கை."

"என்னெண்டாலும் சாப்பிடாமல் இருந்ததுதானே. நீங்கள் ஒரு நாள் இருந்தனீங்களோ?"

நான் மேல்சட்டையைக் கழற்றி, பாம்பு வாசனை போகட்டும் என்று பல்கனிக் குளிரில் தொங்கவிட்டேன். அது அங்கேயே கிடந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு வெட்கப்பட மாட்டேன். அப்படியென்றால் எலி எங்கே போனது என்று உங்களைப்போல நானும் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெருங்கதையின் இருபத்தோராம் நாள், மோதகம் அவிய வைத்துவிட்டு, பவானி பல்கனியில் உறைந்து கிடந்த என் மேல்சட்டையைத் தோய்க்க எடுத்தாள். வழக்கப்படி பையைத் துழாவினாள். இருட்டில் ஆளிக்குத் தடவிப்போன அவசரத்தில் எலியை நான்தான் பைக்குள் திணித்திருக்கிறேன். எப்போது என்று சத்தியமாகத் தெரியாது. பாம்பு ஏன் என் இடுப்பைத் தேடி வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அது என்னைத் தேடவில்லை. ஆனால் பைக்குள் இருந்ததையும் தின்னவில்லை. விரதம்.

பவானி கத்தவில்லை. இரண்டு விரலால் மேல்சட்டையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவப்பட்டது. தோய்க்கும் மெஷின் மூன்று தரம் வெறுமனே ஓடியது. தைப்பொங்கல் வரை எனக்குச் சாப்பாடு பல்கனியில். (பூச்சியத்துக்குக் கீழே நான்கு பாகை. கையுறையோடு சோறு சாப்பிட்டிருக்கிறீர்களா?)

இப்போது எங்கள் சொந்தக்காரர் கூடுகிற எந்தச் சடங்கிலும் சரோ அக்கா தொடங்கிவைப்பார், பவானி முடித்துவைப்பாள். இந்த மனுசன் பாம்புக்கு எலி தீத்தின (ஊட்டிவிட்ட) கதை. மகள் டார்ம்ஸ்டாட்டிலிருந்து வீடியோவில் வந்து கீச்சுக் குரலை மட்டும் செய்து காட்டுவாள். பால் யார் குடித்தது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைச் சரோ அக்கா வாசிக்காமல் இருக்கக் கடவது.

மார்ச் நடுவில், ஒரு புதன்கிழமை, வீட்டில் எந்த விரதமும் இல்லாத நாள் பார்த்து, பவானியின் அனுமதியோடு ஒரு எலியை முதன்முறையாக வாசல்படி தாண்டிக் கொண்டுவந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஆட்டவில்லை, கீச்சிடவில்லை. எலியைப் பெட்டிக்குள் வைத்தேன், கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அறைக்குள் பத்திரிகை ஒரு பக்கம் புரண்டது. இன்னொரு பக்கம். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தேன். எலி இல்லை. கிசேலாவின் நடு உடம்பில் ஒரு புடைப்பு. என் கண் நிறைந்துவிட்டது. ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் நானே முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பிராவ் ஹார்ட்மனிடம், வாழ்க்கையில் முதன்முறையாக, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். கிசேலா சாப்பிட்டுவிட்டாள். எப்படிச் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. ஒரேயொரு எலிதான். சத்தியம்.

மறுபக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"படம் அனுப்புங்கள்" என்றார் பிராவ் ஹார்ட்மன்.